கீழே வைத்த சும்மாடு

சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள் மூன்றும் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. மேல் தட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். மழை பெய்தால் கூரை ஒழுகுவது சரியாக அந்த இடத்தில்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி அனுபவம் சொல்வார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்துவிட்டதால் போகிறேன், அவ்வளவுதான். ஐந்து வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்கே தோன்றி, இரண்டு முறை இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் போனால் விழுப்புரத்திலும் எனக்குத் தூக்கம் வராது.

ஓரம் எவ்வளவு விடுவது, யார் எங்கே கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் பழைய பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. ‘ஏகமனதாக.’ எந்தத் தீர்மானத்தை எழுதினாலும் கை தானாகவே அந்த வார்த்தையைப் போட்டுவிடும். மூன்றாவது மாதத்திலேயே அந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்தது நெருக்கடி நிலை வருவதற்கு முந்தைய வருடம். என் பெண்ணுக்குப் பத்து மாதம். சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. உப்பளத்தை ஒரு குத்தகைதாரர் எடுத்திருந்தார். அவருடைய குத்தகை முடியப்போகிறது, தொழிலாளர்கள் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு கேட்டால் அவர்களுக்கே கிடைக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. பதிவு செய்ய வேண்டுமானால் விதிகள் வேண்டும். யார் உறுப்பினர், யார் தலைவர், யாருக்கு எந்தப் பாத்தி, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று எல்லாவற்றையும் எழுதி, கூட்டத்தில் நிறைவேற்றி, கடலூரில் உள்ள அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தட்டச்சும் தெரிந்து, தமிழும் பிழையில்லாமல் எழுதுகிற ஆள் தேவை என்று என்னைக் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார்கள். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

வரப்போகும் சங்கத்துக்கு முன்கூட்டியே ஒரு தலைவரையும் ஒரு செயலாளரையும் வைத்திருந்தார்கள். விதிகளை வரைந்தவர் செயலாளர். அவர் இளம் வயதில் டில்லியில் வேலை பார்த்தவர். நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய சபை நடந்த காலத்தில், திருத்தங்களைத் தட்டச்சு செய்த பலரில் அவரும் ஒருவர். அந்தச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகத்தைக் காடாத் துணியில் சுற்றி எப்போதும் கூடவே வைத்திருப்பார். உப்பளச் சங்கத்துக்கு அதிலிருந்து என்ன எடுக்க முடியும் என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

“நீ நெனைக்கிற மாதிரி யாரோ நாலு பெரியவங்க உக்காந்து நிம்மதியா எழுதிட்டாங்கன்னு இல்லம்மா” என்று ஒருநாள் சொன்னார். “ஒரு வரிக்கு ஒன்பது திருத்தம் வரும். காலையில அடிச்சத மத்தியானம் கிழிச்சிட்டு மறுபடி அடிப்போம். எந்த பாஷைன்னு சண்டை. சொத்துக்குச் சண்டை. கிராமப் பஞ்சாயத்துன்னு ஒரு வார்த்தகூட மொதல்ல இல்ல. ஏன் இல்லன்னு கேட்டுக் கேட்டுத்தான் அப்புறம் சேர்த்தாங்க.”

“தீராத சண்டைய இன்னா சார் பண்ணாங்க?”

“அதுக்குத்தான் ஒரு பகுதி இருக்குதே. அரசு முயற்சி எடுக்கும், அரசு முயற்சி எடுக்கும்னு வரிசையா வரும். வேணும்னு கேட்டவனுக்கு எழுதியாச்சுன்னு திருப்தி. வேணாம்னு சொன்னவனுக்கு, செய்யலன்னு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு திருப்தி. எல்லாப் பிள்ளைக்கும் பத்து வருஷத்துல இலவசப் படிப்புன்னு அதுலதான் போட்டாங்க.”

பத்து வருடம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே என்று நான் மனதில் கணக்குப் போட்டேன். கேட்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை விடவில்லை. அந்தச் சபையில் தோற்றவர்கள் பேசியதும் வரிவிடாமல் அச்சில் இருக்கிறதாம். ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஒருவரும் ஆதரிக்காமல் உட்கார்ந்துவிட்டவருடைய பேச்சுகூட இருக்கிறதாம். அதோடு முதல் தேர்தலைப் பற்றியும் சொன்னார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, ஆணும் பெண்ணும் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். ஆனால் பட்டியல் எடுக்கப் போனபோது வடக்கே ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய அம்மா என்றே எழுதிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பதிவுகளையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. “சட்டத்துல எடம் இருக்குது, பட்டியல்ல பேரு இல்ல” என்றார்.

இனி நம் உப்பளத்துக்கு வருகிறேன்.

இங்கே வேலை ஜோடிக் கணக்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆண் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாருவான். பெண் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவாள். இருவர் வேலை, ஒரு பெயர். ஆணின் பெயர்தான் எங்கும் இருக்கும். பெண்ணுக்கு என்று எழுத்தில் ஒன்றும் கிடையாது. அவர்களிடம் இருப்பது கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் துணிச் சும்மாடு ஒன்றுதான்.

அந்தச் சும்மாட்டுக்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் வந்த முதல் வாரமே அதைப் பார்த்தேன். மேஸ்திரி ஒருவர் கூடையை வழக்கத்தைவிட உயரமாகக் குவித்துக்கொண்டே போனார். பெண்கள் யாரும் எதுவும் பேசவில்லை. ஒருத்தி சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து வரப்பில் வைத்தாள். பிறகு அடுத்தவள் வைத்தாள். மேஸ்திரி முனகிக்கொண்டே கூடைகளில் பாதியைக் கொட்டினார். சும்மாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் இளைப்பாறுகிறாள் என்று அர்த்தம். கீழே வைத்தால் இனி சுமக்க மாட்டேன் என்று அர்த்தம். நான் கிளியனூர்க்காரி, விவசாயக் குடும்பம், எனக்கு இது புதிது. ஆனால் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதிகளுக்காக ஆறு கூட்டம் நடந்தது. எல்லாம் அம்பாரத்துக்குப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில், மத்தியான இடைவேளையில். ஆண்கள் கொட்டகைக்குள்ளே இருப்பார்கள். பெண்கள் நிழல் முடிகிற இடத்தில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்காருவார்கள். கொட்டகையின் மூங்கிலில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, ஒரு காதைக் கூட்டத்துக்கும் ஒரு காதைத் தூளிக்கும் கொடுத்து எழுதுவேன். எந்தக் காது எதைக் கேட்டது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

ஐந்து கூட்டத்தில் மற்ற எல்லா விதிகளும் முடிந்துவிட்டன. பதினோராவது விதி முடியவில்லை. யார் உறுப்பினர்?

“வேலை செய்யற எல்லாரும்னு எழுதிடலாம்” என்றார் செயலாளர்.

“எழுதிட்டு? மெம்பருக்கு ஒரு பாத்தின்னா, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு வேலை செய்யற வூட்டுக்கு ரெண்டு பாத்தியா? எங்க அண்ணன் ஒண்டியா இருக்கறான், அவனுக்கு ஒண்ணா?” என்று ஒருவர் எழுந்தார். அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. பாத்திகள் குறைவு. வீட்டில் மூன்று பெண்கள் உள்ளவனுக்கு நான்கு பாத்தி போய்விடும் என்ற பயம் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது.

“ஜோடிக்கு ஒரு பேருன்னு வெச்சிக்கலாம்பா. எப்பவும் இருக்கறதுதான.”

“ஆமா. வூட்டுல அவ பேசறது பத்தாதா, இங்க வந்து கை வேற தூக்கணுமா?”

ஆண்கள் சிரித்தார்கள். நிழல் ஓரத்திலிருந்து ஒரு பெண், “நீ பேசறத உங்க வூட்டுல நாய்தான் கேக்குது, பாவம், அதுக்கு வேற வழியில்ல” என்றாள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் அஞ்சலை மட்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அதற்குப் பிறகு கொழுந்தனுடன் ஜோடி சேர்ந்து சுமந்துகொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள். கொழுந்தனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுப்பெண் வந்து கூடையைத் தூக்கினால் அஞ்சலை எந்த ஜோடியிலும் இல்லை. ஜோடியில் இல்லாவிட்டால் உப்பளத்திலேயே இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

ஆறாவது கூட்டத்தில் செயலாளர் ஒரு வழி கொண்டுவந்தார். பதினோராவது விதி: ஜோடிக்கு ஓர் உறுப்பினர், பெயர் ஆணின் பெயர். கூடவே, முப்பத்து நான்காவதாக ஒரு புது விதி: பெண் தொழிலாளர்களையும் உறுப்பினர்களாகச் சேர்க்கச் சங்கம் முயற்சி எடுக்கும்.

தலைவர் படிப்பறிவு குறைந்தவர், ஆனால் கூட்டத்தை நடத்தத் தெரிந்தவர். அவர் சுற்றிப் பார்த்தார். “திங்கக்கெழமை கடலூர்ல கெடு. வுட்டா பழைய ஆளு கைக்குப் போயிடும், அப்புறம் யாரும் இங்க சங்கம் பேச முடியாது. எல்லாருக்கும் சம்மதம்தான?”

கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தூளிக்குள் என் பெண் அழ ஆரம்பித்தாள். நான் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே திரும்பினேன். அஞ்சலை தன் சும்மாட்டை மடியிலிருந்து எடுத்தாள். தனக்கு முன்னால் தரையில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

நான், ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

முதலில் எழுதிவிட்டேன், பிறகுதான் பார்த்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பார்த்தேன், எழுதினேன். குழந்தை அழுதது, வெயில், கெடு, எல்லோரும் எழுந்து வேலைக்குப் போகிற அவசரம். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் எதுவும் என் கண்ணை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நகல் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. அந்த வரி வந்ததும் விரல் நின்றது. அடித்தேன். மறுநாள் குழந்தைக்குக் கஞ்சி கரைக்கும்போது நினைவு வந்தது. அவள் ஓய்வாகத்தான் வைத்தாளோ? உட்கார்ந்திருக்கும்போது கீழே வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டா, சுமக்கும்போது மட்டும்தானா? நான் வெளியூர்க்காரி, அதிகமாக அர்த்தம் எடுக்கிறேனோ? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சங்கத்து விஷயத்துல நீ எதுக்குக் கொழப்பிக்கற, சொன்னத எழுதறதுதான உன் வேலை” என்றார். அவர் சொன்னதும் சரி என்றே பட்டது. சரி என்று பட்ட பிறகும் உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். அஞ்சலை அம்பாரத்தின்மேல் கீற்று போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா கிளார்க்கம்மா, கொழந்தைய இந்தக் காத்துல தூக்கினு வந்திருக்கற?”

“அக்கா, அன்னைக்கு நீங்க சும்மாட்ட கீழ வெச்சீங்க இல்ல.”

“வெச்சேன்.”

“எதுக்குன்னு கேக்க வந்தேன்.”

அவள் கிட்டே வந்து, குழந்தையின் காதை மறைத்து என் முந்தானையை இழுத்துவிட்டாள்.

“என் எதிர்லதான உக்காந்திருந்த. எதுக்குன்னு தெரியாமத்தான் விடியக்காலம் நடந்து வந்தியா?”

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“இன்னா எழுதின?” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் சம்மதம்னு.”

“அப்ப நான் அங்க இல்லன்னு எழுதியிருக்கற.” கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கீற்றை எடுத்துக்கொண்டாள். “போ. வெயில் ஏறுது. கொழந்தைக்கு ஆவாது.”

அங்கிருந்து நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் மூன்று பிரதிகளையும் தைத்துவிட்டிருந்தார்.

“மாத்த முடியாதும்மா” என்றார். “விதி விதிதான். பெரும்பான்மை ஒத்துக்கிட்டாங்க. எதையாவது வுட்டுக்குடுத்தாத்தான் மத்தது நிக்கும். டில்லியில எல்லாம் தீர்ந்தப்புறம்தான் முடிப்போம்னு உக்காந்திருந்தா இன்னைக்கு வரைக்கும் அந்தச் சபை நடந்துக்கிட்டே இருக்கும்.”

“விதிய மாத்தச் சொல்லல சார். குறிப்ப மாத்தறேன். ஏகமனதாங்கறது பொய்.”

“ஒரே ஒரு வார்த்த.”

“அங்க தோத்தவங்க பேசினதும் புஸ்தகத்துல இருக்குதுன்னு சொன்னீங்களே சார்.”

“இருக்குது.”

“அவங்க பேசினதால ஏதாவது மாறிச்சா?”

“பலது மாறல.”

“அப்புறம் எதுக்கு அத அச்சடிச்சாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “அத நான் யோசிச்சதில்ல. அடிச்சிக் குடுக்கறதுதான் என் வேலையா இருந்தது” என்றார். பிறகு மூன்றின் தையலையும் பிரித்து அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

‘ஏகமனதாக’ என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘பெரும்பான்மையோர் சம்மதத்துடன்’ என்று போட்டேன். அதற்குக் கீழே, ‘உப்பளத் தொழிலாளி அஞ்சலை சம்மதிக்கவில்லை. தம் சும்மாட்டைத் தரையில் வைத்தார்’ என்று எழுதினேன். திருத்தத்துக்குத் தலைவர் ஒப்பம் வேண்டும். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஏம்மா, அவ மெம்பரே இல்லயே. மெம்பர் இல்லாதவ சம்மதிச்சா இன்னா, சம்மதிக்கலன்னா இன்னா?”

“நோட்டீசுல ‘தொழிலாளர் அனைவரும் வரவும்’னு நீங்க சொல்லித்தான் எழுதினேன் தலைவரே. அவங்க வந்தாங்க.”

“அனைவரும்னா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். ஒப்பம் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஆபீசுல எதுனா கேட்டா நீதான் பதில் சொல்லணும். கொழந்தைய தூக்கினு கடலூருக்கு வா” என்றார்.

திங்கட்கிழமை பஸ் மாறிப் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் என் பெண் வாந்தி. அலுவலகத்தில் அதிகாரி விதிகளைப் புரட்டிக்கொண்டே வந்து, குறிப்பின் அந்தப் பக்கத்தில் நின்றார். பென்சிலால் கோடு போட்டார்.

“யார் இந்த அஞ்சலை?”

நான் எழுந்து நின்றேன். “உப்பு சுமக்கறவங்க சார்.”

“தொழிலாளின்னு எழுதியிருக்கீங்க. தொழிலாளின்னா உறுப்பினரா ஏன் இல்ல? தொழிலாளர் சங்கம்தான இது? தெளிவா எழுதிக் கொண்டு வாங்க. மூணு நாள் தர்றேன், அதுக்கு மேல என்னால முடியாது.”

காகிதக் கட்டை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் செயலாளரும் தலைவரும் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, குழந்தை மடியில் சூடாகக் கிடந்தாள், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியால் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நேர்மையாக இருந்துவிட்டோம் என்ற நிம்மதி ஒரு துளியும் வரவில்லை. புத்தகங்களில் வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கூட்டம். ஜாடையாகப் பேசவில்லை, நேராகவே பேசினார்கள்.

“ஒரு சும்மாட்டுக்கு ஒட்டுமொத்த உப்பளத்தையும் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்குது இந்தம்மா.”

“எழுதப் படிக்கத் தெரிஞ்சவள உள்ள வுட்டா இப்படித்தான்பா.”

அஞ்சலையின் கொழுந்தன் எழுந்து அவளைப் பார்த்து, “அண்ணி, வாபஸ் வாங்கிக்க. உன்னால எனக்குத் தலை தூக்க முடியல” என்றான். கெஞ்சுகிற குரல்தான்.

அஞ்சலை நிழல் ஓரத்திலிருந்து எழுந்து கொட்டகைக்குள்ளே வந்தாள். பெண்கள் யாரும் அதுவரை உள்ளே வந்து நின்று பேசியதில்லை.

“நான் பாத்தி கேக்கல. ரெண்டு பாத்தி மூணு பாத்தின்னு நீங்களே பேசிக்கினு நீங்களே பயந்துக்கறீங்க. என் பேரத்தான் கேக்கறேன்.”

“பேர வெச்சினு இன்னா பண்ணுவ?” என்றார் தலைவர்.

“பேரு இருந்தா வேலையிலருந்து எடுக்கறதுக்கு முன்னாடி கூப்புட்டு ஒரு வார்த்த கேப்பீங்க. பேரே இல்லன்னா என்னை எடுத்ததுகூட யாருக்கும் தெரியாது. நானே ஒருநாள் கூடையோட வந்து நின்னுதான் தெரிஞ்சிக்கணும்.”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

செயலாளர் காடாத் துணியைப் பிரித்தார், புத்தகத்தைத் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு விஷயத்த ஒண்ணா கட்டிட்டோம். அதான் கொழப்பம். பேரு வேற, பாத்தி வேற. உப்பளத்துல வேலை செய்யற ஒவ்வொருத்தரும் மெம்பர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓட்டு. பாத்தி மட்டும் வூட்டுக்கு ஒண்ணு. மெம்பர் யாரையும் கூட்டத்துல கேக்காம வேலையிலருந்து எடுக்கக் கூடாது.”

மூன்று மணிநேரம் பேசினார்கள். அன்று மத்தியானம் யாரும் பாத்தியில் இறங்கவில்லை. பெண்கள் கூலி சமமாக வேண்டும் என்றார்கள். ஆண்கள் ஒப்பவில்லை. பழைய வாசகத்துக்குப் பதில் அது முப்பத்து நான்காவது விதியாயிற்று: சம கூலிக்குச் சங்கம் முயற்சி எடுக்கும். பருவத்துக்கு மட்டும் பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்து சுமக்கிற பெண்களும் உறுப்பினரானால் நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு குரல் வந்தது. சரி, மூன்று பருவம் தொடர்ந்து வேலை செய்தவர்களே உறுப்பினர் என்று போடலாம் என்றார்கள். அதற்கு அஞ்சலையும் தலையாட்டினாள். அவளுக்கும் அது நல்லதாகத்தான் பட்டிருக்கும்.

தலைவர், “எல்லாருக்கும் சம்மதம்தான?” என்று கேட்டார். இந்த முறை நான் பேனாவை எடுப்பதற்குமுன் தரையைப் பார்த்தேன். நிழல் ஓரம் முழுக்கப் பார்த்தேன். ஒரு சும்மாடும் கீழே இல்லை. ‘ஏகமனதாக’ என்று எழுதினேன். மனம் லேசாக இருந்தது.

பதிவு கிடைத்தது. குத்தகையும் கிடைத்தது. உறுப்பினர் பட்டியலை நானே எழுதினேன். அஞ்சலையின் பெயர் அவள் பெயராகவே இருக்கிறது, யாருடைய பெண்சாதி என்றும் இல்லை. ஆவணியில் கொழுந்தன் கல்யாணம் முடிந்து புதுப்பெண் வந்தாள். அஞ்சலை வேறொரு வீட்டு ஜோடியில் சேர்ந்தாள், சங்கமே சேர்த்துவிட்டது. அன்று எழுதிய முப்பத்து நான்காவது விதியில் இன்றுவரை ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் நான் அதை வாசிப்பேன், எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் அந்த ஏழாவது கூட்டத்தைப் பற்றி இப்போது எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. தரையில் ஒரு சும்மாடும் இல்லை என்றேன் அல்லவா. பெருமுக்கல் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸே போகவில்லை. அன்று நான் பார்த்தது வந்தவர்களின் தரையை மட்டும்தான்.

போன வாரம் என் கடைசிக் கூட்டம். அஞ்சலை இப்போது நிர்வாகக் குழுவில் இருக்கிறாள், உங்களுக்கு அவளைத் தெரியும். உள்ளே, தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பருவத்தில் பாத்திகள் சில தண்ணீர் கட்டிக் கெட்டுவிட்டதால், வெளியூர்ப் பெண்களுக்கு இந்த வருடம் வேலை தருவதில்லை என்பது தீர்மானம். கைதட்டினார்கள்.

“எல்லாருக்கும் சம்மதம். எழுதிக்க கிளார்க்கம்மா, நேரமாவுது” என்றாள் அஞ்சலை.

நான் தரையைப் பார்த்தேன். நிழலுக்கும் அப்பால், வெயிலில், பச்சைத் துணியில் சுற்றிய புதுச் சும்மாடு ஒன்று கீழே இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. மெம்பர் இல்லாதவர்கள் வரக் கூடாது என்று யாரும் சொல்லாததால் வந்து நின்றிருந்தாள்.

என் பேனா நின்றதை அஞ்சலை பார்த்தாள். நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.

“யாருதுடி அது?” என்றாள்.

அந்தப் பெண் சும்மாட்டை எடுக்கவில்லை.

“எழுதாத, இரு” என்றாள் அஞ்சலை என்னிடம். அதற்குள் ஆண்கள் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்று அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை.

மூன்றாவது புத்தகத்தில் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தால் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் காலி இடம் விடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் கற்றேன். விட்டுவைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் போய்ப் பெயரைக் கேட்டு, முதல் வரியில் அதை மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. மீதியை எழுதப்போவது நீங்கள்தான்.